வெயிலுக்கு விடுமுறை யாருக்கு?

மலேசியாவில் கோடைக்காலம் கிடையாது. ஆனால், நாம் எழுதும் கதைகளிலும் கவிதைகளிலும் கோடை தவறாமல் வந்துவிடுகிறது. இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று பருவங்கள் ஆறையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தவர்கள் நாம். பனியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருந்த வயது அது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகுதான், 'மொன்சூன் தீமோர் லாவுட்', 'மொன்சூன் பாராட் டாயா' என்று நம் தலைக்கு மேல் வீசும் இரண்டு பருவக்காற்றுகளை மலாய்மொழியில் படித்தோம்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஏறக்குறைய மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரலிலும் அக்டோபரிலும் காலையில் மண்டையைப் பிளக்கும் வெயில், மாலை நான்கு மணிக்கெல்லாம் இடியோடு கொட்டும் மழை. கெடா, பெர்லிஸ் போன்ற வடமாநிலங்களில் பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை மண் வெடித்துக் கிடக்கும். என் பாட்டி அதை "எல உதுர்ற மாசம்" என்பார். ரப்பர் மரங்கள் இலைகளை உதிர்த்துவிட்டு நிற்கும். பால் குறையும், பாலோடு சேர்ந்து சம்பளமும் குறையும். எந்தப் பாடநூலிலும் இல்லாத, ஆனால் நம்மவர்கள் உடம்பால் அறிந்திருந்த பருவம் அது.

பால்மரக்காட்டில் வேலை விடியும் முன்பே தொடங்கி நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் மட்டுப்படும் என்பதால் வகுக்கப்பட்ட நேரம் அது. மரத்தின் நன்மைக்காகச் செய்த ஏற்பாட்டில் மனிதருக்கும் கொஞ்சம் நன்மை கிட்டியது, அவ்வளவுதான். செம்பனைக்கு அந்தக் கவலை இல்லை. பழுத்த குலையைக் காலையில் வெட்டினாலும் உச்சிவெயிலில் வெட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான். ஆகவே ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, வெயிலுக்கு அஞ்சிய கடிகாரமும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. மறுநடவு செய்த இடமாக இருந்தால் இன்னும் மோசம். முழங்கால் உயரக் கன்றுகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்க ஒரு நிழல்கூட இராது.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்' என்ற பழமொழியை நாம் அனைவரும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். அந்த நிழல் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று எந்தத் தேர்வுத்தாளும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்புவது அதைத்தான்.

முதலில் சில எண்களைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ், சூப்பிங்கில் அது பதிவானது. எல் நினோவின் தாக்கம் கடுமையாக இருந்த ஆண்டு அது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை வெப்பத்தை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. ஓரிடத்தின் அன்றாட உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 வரை இருந்தால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை.

"இந்தியாவில் 45 பாகையெல்லாம் அடிக்கிறதே, நமக்கு 37 ஒரு பொருட்டா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மனித உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வது பெரும்பாலும் வியர்வையால். வியர்வை வடிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே வெப்பம் அப்படியே தங்கிவிடுகிறது. அதோடு, வானிலை நிலையம் அளப்பது நிழலில் உள்ள காற்றின் வெப்பத்தை. தார்ச்சாலையிலோ தகரக் கூரைக்குக் கீழேயோ நிற்பவர் அனுபவிப்பதை அந்த எண் சொல்வதில்லை.

2016ஆம் ஆண்டு ஏப்ரலில், மீண்டும் ஓர் எல் நினோவின்போது, பெர்லிஸிலும் கெடாவிலும் 250க்கும் மேற்பட்ட பள்ளிகள் வெப்பத்தால் மூடப்பட்டன. நான் அப்போது கெடாவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு மாணவர். விடுமுறைச் செய்தி வந்ததும் துள்ளிக் குதிக்காத மாணவர் உண்டோ? அம்மா விடியற்காலையில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். "ரொம்ப வெயிலாம், இன்னைக்கு ஸ்கூல் இல்லம்மா" என்றேன். "ஒனக்கு ஸ்கூல் இல்ல, எனக்குப் பெரட்டு இருக்கே" என்று சொல்லிவிட்டுக் காலணியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. முதுகில் மருந்துத் தொட்டி, முகமூடி, கையுறை, நெகிழி மேலங்கி, ரப்பர் காலணி. மருந்திலிருந்து காக்கும் அந்த உடுப்பு, வெயிலை உடம்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் உடுப்பும்கூட.

ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வெயில். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது ஆபத்து என்று அரசாங்கம் சரியாகவே முடிவு செய்தது. அந்தப் பிள்ளையின் தாய்க்கு அது வெறும் வெயில்.

பள்ளிகளுக்கான ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் கிளந்தானில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வெப்பவாதத்தாலும் நீரிழப்பாலும் உயிரிழந்தான். அதன் பிறகு பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டதும், மாணவர்கள் கழுத்துப்பட்டை இல்லாமல் விளையாட்டு உடையில் வர அனுமதிக்கப்பட்டதும் மிகவும் தேவையானவை. பள்ளிக்கு ஓர் எண் இருக்கிறது. எண்ணைத் தாண்டினால் ஒரு நடவடிக்கை இருக்கிறது. தொழிலாளிக்கு அப்படி ஓர் எண் எங்கே?

தேடிப் பார்த்தேன். வேலையிடத்தில் வெப்ப உளைச்சலைக் கையாள்வது குறித்து வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2016ஆம் ஆண்டில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் வழிகாட்டி என்பது சட்டமன்று. வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கும்போது இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு தரவேண்டும். குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவருக்கும் அதே ஐந்து மணி நேரம். குலை வெட்டுபவருக்கும் அதே ஐந்து மணி நேரம். 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் டன் கணக்கில் கூலி வாங்கும் என் பெரியப்பா "வெயில் ஆபத்து" என்று மண்டோரிடம் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்காருவாரா? உட்கார்ந்தால் அன்றைய குலைக் கணக்கில் குறையப்போவது அவர் கூலிதான். முதலாளி விரட்டவே தேவையில்லை; அந்தக் கணக்கே அவரை வெயிலில் நிறுத்திவைக்கிறது.

நம்மைவிடக் கடும் வெயில் அடிக்கும் கத்தாரில், 2021ஆம் ஆண்டு முதல், ஜூன் தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வேறொரு முறையைக் கொண்டுவந்தார்கள். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவு 32 பாகையை எட்டினால், திறந்தவெளியில் கடும் உடலுழைப்பு செய்பவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு. நம்மோடு ஒரே மேகத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடு அது. அங்கே முடிகிற ஒன்று ஜொகூர் பாலத்துக்கு இப்பால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள், ஓய்வுக்கும் கூலி கொடுங்கள், நிழல் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

"நமக்கெல்லாம் வெயில் பழக்கம்தானே?" என்பது அடுத்து வரும் பதில். இதை நம்மவர்களே பெருமையோடு சொல்வார்கள். உடல் வெப்பத்துக்குப் பழகுவது உண்மை. அதற்கு ஒன்று அல்லது இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். அப்படியென்றால் பழகியவருக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை, குறைவாக அல்ல. அந்தப் பழக்கமும் நிலையானது அன்று; சில வாரங்கள் வெயிலில் வேலை செய்யாமலிருந்தால் போய்விடும். மழை விட்டு விட்டுப் பெய்து, திடீரென நான்கு நாள் கொளுத்தும் நம் வானிலையில் உடல் எதற்கென்று பழகும்? நீண்ட விடுப்பு முடிந்து வருபவரும், புதிதாக வேலையில் சேர்ந்தவரும் முதல் சில நாள்களில்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள். ஆனால் புதியவர் முதல் நாளிலேயே முழு வேலையும் செய்து காட்ட வேண்டும் என்பதுதான் நம் ஊர் வழக்கம். இப்போது அந்தப் புதியவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நூறாண்டுக்கு முன் கப்பலில் வந்த நம் முன்னோரைப் பற்றியும் "வெயிலுக்கு ஏற்றவர்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வெயிலில் நிற்கவைக்கிறவர்களுக்கு வசதியான பேச்சு அது.

அடுத்தது, எல்லா அறிவிப்புகளிலும் முதலில் வரும் அறிவுரை: தண்ணீர் நிறையக் குடியுங்கள். அம்மா காலையில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர் கொண்டுபோவார். மாலையில் பாதி திரும்பி வரும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "குடிச்சா போகணும். எங்க போறது?" என்றார். மருந்தடிக்கும் இடத்தில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரும்வரை அடக்கிக்கொள்வார்கள். அடக்க முடியாமல் போய்விடுமோ என்று குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு என்பது எங்கள் வரிசை வீடுகளில் பெண்கள் சளி, காய்ச்சலைப்போல் சாதாரணமாகச் சொல்லும் நோய். தோட்டத்தில் மட்டுமன்று. சாலையோரம் கூட்டுபவர்கள், ஆளுக்கொரு சிறு கூண்டில் பன்னிரண்டு மணி நேரம் காவல் இருப்பவர்கள், மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுவந்து தருபவர்கள் என அனைவருக்கும் இதே சிக்கல்தான். கழிப்பறை இல்லாத இடத்தில் இருப்பவரிடம் தண்ணீர் குடிக்கச் சொல்வது பாதி அறிவுரை. மீதிப் பாதியைச் செய்யவேண்டியவர் முதலாளி.

இனி நம் கழகத்துக்கு நேரடியாகத் தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். அது சொற்களைப் பற்றியது.

தமிழில் 'சூடு' என்ற சொல்லுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. வாய்ப்புண் வந்தால் சூடு. முகப்பரு வந்தால் சூடு. கண் எரிந்தால் சூடு. நீர்க்கடுப்பும் சூடுதான். எல்லாவற்றுக்கும் மருந்து இளநீர், மோர், வெந்தயம், நல்லெண்ணெய்க் குளியல். இவற்றில் எனக்குப் பகையில்லை. பரீட்சைக் காலத்தில் அம்மா தேய்த்துவிடும் நல்லெண்ணெய்க்கு ஈடாக எதுவும் கிடையாது. ஆனால், எல்லாமே சூடு என்றாகிவிட்டதால், உயிரைப் பறிக்கும் வெப்ப நோய்க்கென்று தனிச்சொல் புழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது. வெயிலில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் "சூடு புடிச்சிருச்சு, இளநி வாங்கிக் குடு" என்பதோடு முடிந்துவிடுகிறது.

அரசாங்கம் மலாயில் 'ஸ்ட்ரோக் ஹாபா' என்கிறது. இதைத் தமிழாக்குகிறவர்கள் சிலர் 'வெப்பப் பக்கவாதம்' என்று எழுதிவிடுகிறார்கள். கைப்பேசியில் வந்த அப்படியொரு குறிப்பை அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "வெயிலடிச்சா கை கால் இழுத்துக்குமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. பக்கவாதம் என்றால் கையும் காலும் விழுவதுதானே? அதைப் படித்தவர் வாய் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா என்று பார்ப்பாரே தவிர, உண்மையான அறிகுறிகளைக் கவனிக்கமாட்டார். உடல் வெப்பம் 40 பாகையை எட்டும்போது முதலில் தடுமாறுவது மூளை. பேச்சு உளறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் வரும், வலிப்பு வரலாம், நினைவு தப்பும். பார்ப்பவர்கள் குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைக்கலாம். நம் ஊரில் அப்படி நினைப்பதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. வியர்வை நின்றுபோயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கக்கூடும். அப்போது செய்யவேண்டியது 999ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, கனமான உடுப்புகளைக் கழற்றி, கையில் கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுவது. நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் இளநீரானாலும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

இவ்வளவும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், பிரட்டுக்களத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டாமா? நாம் ஆண்டுதோறும் கவியரங்கம் நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், கலைச்சொல்லாக்கம் பற்றிக் கருத்தரங்கும் நடத்துகிறோம். ஒரு சொல் சரியாக இருந்தால் ஒருவர் பிழைக்கக்கூடும் என்ற நிலை எல்லாச் சொற்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஏற்பாடு செய்ய நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. தைப்பூசத்தைப் பாருங்கள். வெயில் ஏறுமுன் காவடியை இறக்கிவிட இரவிலேயே புறப்படுகிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் பானகமும் தருகிறோம். வெறுங்காலோடு நடப்பவருக்குச் சுடக்கூடாதென்று தாரில் தண்ணீர் தெளிக்கிறோம். மயங்கியவரைத் தாங்கிப் பிடிக்க முதலுதவிக் குழு நிற்கிறது. நேரம், நிழல், தண்ணீர், கண்காணிப்பு: உலகத்து வெப்ப வழிகாட்டிகள் கேட்பதெல்லாம் இந்த நான்கைத்தான். பக்திக்காக நடப்பவருக்கு ஒருநாள் செய்கிறோம். கூலிக்காக நிற்பவருக்கு மார்ச் மாதம் முழுவதும் தேவைப்படுகிறது.

நம் வளாகத்திலிருந்தே தொடங்கலாம். விரிவுரை மண்டபத்தில் நாம் குளிர்தாங்காமல் கம்பளிச்சட்டை போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கு, கண்ணாடிக்கு அப்பால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சருகு கூட்டுபவர்கள் இருக்கிறார்கள். குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். நம்மைப் பார்த்தால் "புள்ள, சாப்டியா?" என்று தமிழில் கேட்பவர்களும் அவர்களில் உண்டு. முதல் நிலை எச்சரிக்கை வந்த நாள்களில் வெளிவேலையைக் காலை 11 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் மாற்றிவைக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் கட்டடத்துக்குள் வேலை கொடுக்கலாம். புலக் கட்டடங்களின் கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் அவர்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்று எழுதி ஒட்டலாம். இவற்றை நிறுவனத்தோடு செய்யும் அடுத்த ஒப்பந்தத்திலேயே சேர்க்கும்படி கழகத்தின் பெயரில் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதலாம். பெரிய செலவில்லை. முன்னாள் மாணவர்களில் தோட்ட நிர்வாகத்திலும் மனிதவளத் துறையிலும் இருப்பவர்கள் இதை வாசிப்பீர்களானால், உங்கள் ஒரு கையெழுத்துக்கு எங்கள் பத்துக் கடிதங்களைவிட வலிமை அதிகம்.

சுவரொட்டிக்கான வாசகத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. 'வெப்பவாதம்' என்பதா, 'வெப்பத்தாக்கு' என்பதா? வெப்பவாதத்திலும் 'வாதம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. அம்மாவிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். 'வெப்பத்தாக்கு' புரிகிறது என்றார்; "ஆனா வெயில் அடிச்சிருச்சுன்னு எழுதினா இன்னும் நல்லா புரியும்" என்றும் சொன்னார். மொழியியல் படிக்கும் நண்பர்கள் மார்ச் மாதத்துக்குள் ஒரு முடிவு சொன்னால், அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம்.